புது நகரும் பொது நலமும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபொழுது, மன்னர்களின் போர்களைப் பற்றி எழுதுவதினும், நாம் இன்று குடியிருக்கும் இடத்தைப் பற்றி எழுதுவதே தக்கதென எண்ணினோம். ஊர்களுக்கும் வரலாறு உண்டு. இன்னும் முழுமையாக எழாத ஊருக்கும் உண்டு.

தொண்டை நாட்டின் வடகோடியில், தடா இரயில் நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கிச் சிறிது தூரம் செல்வார் ஒரு புதிய நகரத்தைக் காண்பர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தொழில் நகரம் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஸ்ரீ சிட்டி என்பது அதன் பெயர். சிங்கப்பூரைச் சேர்ந்த ஜூராங் நிறுவனத்தார் மூலத் திட்டம் வகுத்துத் தந்தனர். இன்று 7,500 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அது விரிந்து கிடக்கின்றது. சாக்கொலேட்டு முதல் கைப்பேசி வரை, சிறு லாரி முதல் மெட்ரோ இரயில் பெட்டி வரை இங்கே உருவாகின்றன. சென்னை மெட்ரோ இரயிலுக்கு முதலில் தருவிக்கப்பட்ட 42 தொடர்களுள் ஒன்பது பிரேசில் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தன. எஞ்சிய 33 தொடர்கள் இவ்வூர் ஆலையிலேயே செய்யப்பெற்றன. இரயில்வேயில் எழுதுவினைஞராகக் காலங்கழிக்கும் நமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆலைகள் முந்தி வந்தன. கல்விச்சாலைகள் பின்னே வந்தன. 2013-இல் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கழகமும், 2018-இல் கிரியா பல்கலைக்கழகமும் தோன்றின. குடியிருப்புகளோ அவற்றுக்கும் பின்னே, மெல்ல மெல்லப் பெருகி வருகின்றன. வீடு எழுகின்ற இடத்தில் வைத்தியசாலையும் பள்ளியும் சந்தையும் வாசகசாலையும் எந்தக் கணக்கின்படி எழும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அதற்குமுன் இந்நிலத்தின் பழமையைச் சிறிது கூறவேண்டும். வேங்கட மலையைத் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் மரபு அன்பர்கள் அறிந்ததே. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர இராச்சியம் தனியே பிரிந்தபொழுது எழுந்த எல்லைப் பூசலில் சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம் அவர்களும் பிறரும் ஆற்றிய தொண்டினை ஈண்டு விரிப்பிற் பெருகும். படாஸ்கர் என்பாரின் தீர்ப்பினை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுக்காக்களைச் சேர்ந்த சத்தியவேட்டு வட்டாரச் சிற்றூர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. முதலில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வட்டாரம், 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கிற்று. ஆதலின் இங்கு வீட்டிலே தமிழும் வீதியிலே தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பழமையாகவே உண்டு. நாம் பிழைப்பு நாடி வந்தோம். அவர்களோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களைக் கடந்து சென்றது. இரு திறத்தாரும் இன்று ஒரே வைத்தியசாலையின் வாயிலில் நிற்கின்றனர்.

மருத்துவ நிலையம் என்பது மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று கருதுவார் உளர். காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டினைக் கண்டோர் அவ்வாறு கருதார். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளியும், மாணவர்க்குரிய உணவு விடுதியும், வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலர்சாலையும் இயங்கிய செய்தியைக் கூறுகின்றது. ஆதுலர் என்போர் நோயாளர். அங்கே 15 நோயாளர்க்கு இடம் இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர் எனப் பணியாளரும் வரையறுக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொருவர்க்கும் உரிய நெல்லும் காசும் இவ்வளவு என்று கல்லிலே வெட்டப்பட்டது. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வெட்டப்பட்டன.

இதிலே நாம் வியப்பது அறத்தின் பெருமையை மாத்திரம் அன்று, கணக்கினை. எத்தனை பேர்க்கு, எத்தனை படுக்கை, எத்தனை ஆள், எவ்வளவு நெல் என்று முன்னரே எண்ணி வைத்த பின்னரே சாலை திறக்கப்பட்டது. எழுதுவினைஞர் ஒருவர் அதனை எழுதியிருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு!

இனி, நாம் நன்கறிந்த இரயில்வேக்கு வருவோம். தென்னிந்திய இரயில்வே கம்பெனியார் தம் பெரும் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்ற முடிவு செய்தனர். 1928-இல் அம்மாற்றம் நிறைவேறிற்று. ஒரு பட்டறையைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதென்றால் கடைசல் இயந்திரங்களை மட்டும் வண்டியில் ஏற்றினால் போதுமா? கொல்லரும் தச்சரும் பிட்டர்களும் அவர்தம் மனைவி மக்களும் அன்றோ பெயர்ந்து வரவேண்டும்? பட்டறையின் மஸ்டர் ரோல் கம்பெனியார் கையில் இருந்தது. எத்தனை பெயர் அதில் உண்டோ அத்தனை குடும்பங்களுக்கு உணவும் நீரும் மருந்தும் வேண்டும் என்பது கணக்கறிந்த எவர்க்கும் விளங்கும். ஆகவே பொன்மலையில் பட்டறையோடு கூடவே குவார்ட்டர்ஸ் வரிசைகளும், மருத்துவமனையும், பள்ளியும், இன்ஸ்டிடியூட்டும் அமைந்தன. தொழிலாளர் காய்கறி வாங்கும் பொருட்டு 1926-இலேயே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றும் கம்பெனியாரால் ஏற்படுத்தப்பட்டது. பொன்மலைச் சந்தைக்குச் சென்று வந்தோர் இதைப் படிக்குங்கால் பழைய நினைவில் ஆழ்வர் என்பதில் ஐயமில்லை. (நாகப்பட்டினம் அம்மாற்றத்தால் இழந்ததோ வேறொரு கட்டுரைக்குரிய துயரக் கதை.)

கம்பெனியாரின் கருணையால் இவை விளைந்தன என்று நாம் கூறவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிட்டர் சம்மட்டி பிடிக்கமாட்டான். அதனால் அவனுக்குக் கொயினா கொடுப்பது இலாபம். ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் ஒரு வகை வீடும் ஒரு வகை இன்ஸ்டிடியூட்டும், நம்மவர்க்கு வேறொரு வகையும் என்பதே அக்கால இரயில்வே காலனிகளின் வழக்கம். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் வேலைநிறுத்தக் காலத்தில் பொன்மலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். நல்ல வீடும் மருந்தும் கொடுத்த கையே அதனையும் செய்தது. ஆயினும் காலனி என்னும் அமைப்பில் ஓர் உண்மை உண்டு. வருகின்றவர் எத்தனை பேர் என்பது வருவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. அதற்கேற்ப மனை ஒதுக்கப்பட்டது.

அப்படி ஒதுக்கிய இடம் எங்கே கொண்டு செல்லும் என்பதற்குப் பெரம்பூர் சான்று. 1856-இல் சென்னை இரயில்வேயின் பட்டறை அங்கே தோன்றிற்று. பட்டறைக்குப் பின் காலனியும், காலனிக்குப் பின் மருத்துவமனையும் வளர்ந்தன. அந்த இரயில்வே மருத்துவமனையிலேதான் 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் அவர்கள் இதயத்தின் இரத்தக்குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை இந்தியாவில் முதன்முதலாக வெற்றியுறச் செய்தார். பயர்மேனின் தீப்புண்ணுக்கு மருந்திடும் டிஸ்பென்ஸரியாய்த் தொடங்குவன எல்லாம் அந்நிலையை எய்தும் என்பதில்லை. ஆனால் தொடங்க மனையே இல்லாதது எந்நிலையையும் எய்தாது.

காலனிக்கு ஒரு குறையும் உண்டு, அது மதில். சிக் மெமோ கையில் உள்ளவன் உள்ளே செல்வான்; மதிலுக்கு வெளியே உள்ள சேரிக்காரன் செல்லான். நெய்வேலியிலும் 1956-க்குப் பின் எழுந்த நகரியம், வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டுப் பள்ளியும் கடைவீதியும் மருத்துவமனையும் பெற்றது. நிலம் கொடுத்துப் பெயர்ந்தோரின் குறைகளோ இன்றும் பேசப்படுகின்றன.

இம்மதிலை உடைக்க முயன்ற பெருமை போர் குழுவினைச் சாரும். 1943-இல் சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த அக்குழுவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அவர்களும் உறுப்பினர். பணம் கொடுக்க இயலாமையால் எவரும் மருத்துவம் பெறாமல் போதல் கூடாது என்பது அக்குழுவின் அடிப்படைக் கொள்கை. முதற்கட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். காலப்போக்கில் பதினாயிரம் முதல் இருபதினாயிரம் மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை என்று அவர்கள் கனவு கண்டனர். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் நாட்டில் எழத் தொடங்கின. இன்று சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையமும் என்பது அரசின் அளவுகோல். 75 படுக்கை ஏட்டிலேயே நின்றுவிட்டது.

அளவுகோல் நல்லதே. அது எந்தத் தலையை எண்ணுகின்றது என்பதிலேதான் சிக்கல்.

இரயில்வே மஸ்டர் ரோலைப் பார்த்தது. அரசாங்கம் குடிமதிப்புக் கணக்கைப் பார்க்கின்றது. குடிமதிப்புப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. 2011-இல் அதனை எடுத்தபொழுது ஸ்ரீ சிட்டிக்கு வயது மூன்று. ஆலைகள் பலவற்றின் மனைகளில் அப்பொழுது முட்செடியே இருந்தது. 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கோ கொள்ளைநோய்க் காலத்தில் தள்ளிவைக்கப்பட்டது. இதன் விளைவு யாதெனின், பழைய சிற்றூரின் பழைய தொகைக்கு அளந்த துணை நிலையத்தை, ஆலை வேலைக்கு வந்து குடியேறிய புதிய கூட்டமும் சேர்ந்து பயன்படுத்த நேர்கின்றது. மூன்று ஷிப்டிலும் பேருந்துகள் ஆட்களைக் கொணர்ந்து இறக்குகின்றன. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை, சத்தியவேடு, வரதையபாளையம் ஆகிய ஊர்களில் ஓர் அறையில் நால்வரும் ஐவருமாகத் தங்குகின்றனர். அவர்தம் பெயர்கள் திருவண்ணாமலையிலோ ஒடிசாவிலோ பீகாரிலோ எண்ணப்பட்டிருக்கும். காய்ச்சலோ இங்கே வருகின்றது.

சென்ற ஆண்டில் எம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அவர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவேண்டிய மனைவி, நாள் இருக்கின்றது என்று தங்கிவிட்டார். கருவுற்றோர்க்குத் தமிழகத்தில் தரும் பிக்மி எண்ணும், தடுப்பூசி விவரம் எழுதிய அட்டையும் ஊரில் மாமியாரின் பெட்டியில் இருந்தன. இங்குள்ள செவிலியின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இல்லாமை செவிலியின் குற்றமும் அன்று. அவர் தம் வட்டத்து வீடுகளை வரிசையாகக் கண்டு பதிபவர். புதிதாக எழுந்த மூன்றடுக்கு வாடகை வீட்டின் மாடியறை அவ்வரிசையில் இல்லை. நள்ளிரவில் வலி கண்டது. 108 வண்டி வந்தது. 2005-இல் ஆந்திரத்தில் தொடங்கிய அத்திட்டத்தை வாழ்த்தாத தாய் இலர். எந்தப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வது, தெற்கே சென்னைக்கா, மேற்கே திருப்பதிக்கா என்ற பேச்சு முடியுமுன்னர், வண்டியிலேயே ஆண் மகவு பிறந்தது. தாயும் சேயும் நலம். மறுவாரம் அச்செவிலி தாமே மாடியேறி வந்து, பதிவேட்டின் பின்பக்கத்துத் தாளில் கோடு கிழித்து, ‘வெளியூர்’ என்று தலைப்பிட்டு, அக்கட்டிடத்தில் உள்ள கருவுற்ற பெண்கள் அனைவரின் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். ஒரே கட்டிடத்தில் அறுவர் இருந்தனர்!

இந்த ஒற்றைத் தாளை நாம் பெரிதாக மதிக்கின்றோம். ஒரு நகரத்தின் சுகாதாரத் திட்டம் தொடங்கவேண்டிய இடம் அதுவே. புதிய குடியிருப்புக்கு வரைபடம் ஒப்புதலாகும் அன்றே, அதில் எத்தனை வீடு, எத்தனை படுக்கை கொண்ட விடுதி என்பது எழுத்தில் வந்துவிடுகின்றது. ஆலை திறக்குமுன்னரே எத்தனை ஆள் என்பது அதன் மனுவில் காணப்படுகின்றது. 30,000 பேர் வரப்போகின்றனர் என்று தெரிந்தால், ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஆறு துணை நிலையங்களும் வேண்டும் என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. வந்தவரை எண்ணும் வரை காத்திராமல், வரப்போகின்றவரை எண்ணி நிலத்தை ஒதுக்கி வைப்பதற்குப் புதிய சட்டமேதை எவரும் வேண்டுவதில்லை. நிலத்தின் விலை ஏறிய பின்னர் ஒதுக்குவோம் என்பாராயின், மருத்துவமனைக்குக் கிடைப்பது ஏரிக்கரைப் பள்ளமே.

அங்ஙனம் எண்ணாமற்போனால் விளையும் தீங்கினை அண்மையிலேயே கண்டோம். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். உண்மை நிலை தெரியாத தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். விடுதியின் சமையற்கட்டும் குடிநீரும் கழிப்பறையும் எத்தகையவை என்ற வினா அன்றுதான் நாடெங்கும் எழுந்தது. பின்னர் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெருங்குடியிருப்பு ஒன்றைத் தமிழக அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஸ்ரீ சிட்டியிலும் கைப்பேசி ஆலைகளில் மகளிரே மிகுதி. பதினெட்டு, இருபது வயதுப் பெண்மக்கள். வீட்டை விட்டு முதன்முறை வந்தவர்கள். இவர்களுக்கு வேண்டுவது அறுவை மருத்துவமனை அன்று. இரத்தசோகையைப் பார்த்துச் சொல்லும் ஒரு பெண் டாக்டரும், ஷிப்டு முடிந்து இரவில் வந்தாலும் திறந்திருக்கும் ஒரு கதவுமே.

தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய ஈ. எஸ். ஐ. இல்லையா என்று வினவலாம். உண்டு. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் பணம் மாதந்தவறாது செல்வதுபோல, மருந்தகம் மாதந்தவறாது அருகில் வந்துவிடுவதில்லை. ஆரோக்கியஸ்ரீ என்று 2007-இல் ஆந்திரத்தில் தொடங்கியதும், 2009-இல் தமிழகத்தில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் அவ்வம்மாநிலத்துக் குடும்ப அட்டையைச் சார்ந்தவை. எல்லையின் இப்பால் உழைத்து, அப்பால் அட்டை வைத்திருக்கும் நம்மவர்க்கு இரண்டும் அரைகுறையாகவே பயன்படுகின்றன. கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் இடையில் இரயில் நில்லாது ஓடுகின்றது, அட்டை நின்றுவிடுகின்றது.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் இலண்டன் மக்களைக் குடியேற்ற எழுந்த புதுநகரங்களுள் ஹார்லோ என்பது ஒன்று, 1947-இல் அறிவிக்கப்பட்டது. 1950-களில் நஃபீல்டு அறக்கட்டளையின் பொருளுதவியோடு, டாக்டர் ஸ்டீபன் டெய்லர் என்பார் அந்நகரில் பேட்டைதோறும் சுகாதார நிலையம் அமையுமாறு முயன்றார். குடும்ப டாக்டரும், செவிலியும், குழந்தை நல நிலையமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. குழந்தையை எடை போடச் சென்ற தாய், அடுத்த வீட்டாரைச் சந்தித்துப் பேசி வருவாள். புதுக்குடியேற்றத்தில் மனநோய்க்கு மூலமான தனிமைக்கு அதுவும் ஒரு மருந்தே. திருமுக்கூடலிலும் பள்ளியும் ஊட்டுப்புரையும் ஆதுலர்சாலையும் ஒருங்கே இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலின் பொதுநல நிலையம் என்று நாம் கூறுங்கால், ஊசி போடும் அறையை மட்டும் கருதவில்லை. குழந்தைகளை விட்டுச்செல்லும் காப்பகம், தெலுங்கும் தமிழும் இந்தியும் ஒடியாவும் வைத்த வாசகசாலை, ஈமச்சடங்குக்கு இடம், கல்யாணத்துக்கு ஒரு கூடம் ஆகியவையும் அதில் அடங்கும். எம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு இடந்தேடி அலைவதை உறுப்பினர்கள் அறிவர். ஒருமுறை சரக்குக் கிடங்கின் முற்றத்தில் பொங்கலிட்டோம். காவலர் அடுப்பை அணைக்கச் சொன்னார். அது வேடிக்கையாகத் தோன்றலாம். சென்ற மழைக்காலத்தில் இறந்துபோன வடநாட்டுத் தொழிலாளி ஒருவரின் உடலை, ஊரிலிருந்து அண்ணன் வரும் வரை எங்கே வைப்பது என்று அவர் தோழர்கள் கைபிசைந்து நின்றபொழுது எவர்க்கும் வேடிக்கையாக இல்லை.

இன்னொன்று கூறி அமைவோம். பழைய இரயில்வே காலனிகளின் வரைபடத்தைப் பார்ப்பவர், டிஸ்பென்ஸரிக்கு அடுத்து ஒரு வீடு குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது டாக்டரின் குவார்ட்டர்ஸ். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் விளக்கு எரியும். இக்காலத்தில் சுகாதார நிலையம் கட்டுவோர், கட்டிடத்தை அழகுறக் கட்டி, டாக்டருக்கும் செவிலிக்கும் வீடு கட்ட மறந்துவிடுகின்றனர். அவர்கள் மாலை வண்டிக்கு நேரம் பார்ப்பதைக் குறைகூறிப் பயன் என்னை? ஸ்ரீ சிட்டியின் குடியிருப்பு மனைகளில் இன்னும் கோடு விழாத இடம் நிறைய உண்டு. தக்காரிடம் எம் சங்கத்தார் அளிக்கவிருக்கும் மனுவில், துணை நிலையத்துக்கு மனை வேண்டும் என்னும் வரிக்கு அடுத்த வரியாக, செவிலிக்கு அதே மனையில் இரண்டு அறையும் ஒரு கிணறும் வேண்டும் என்று எழுதியிருக்கின்றோம். கிணறு எதற்கு, குழாய் வருமே என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.